தாய்மாமன் மடி: இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் இது ஏன் முடியவில்லை?

நொச்சி (இழையைத் தொடங்கியவர்)
திங்கள், இரவு 11.52

மூன்று ஆண்டுகளாக இங்கே எல்லோரும் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவது இன்றுதான் முதல் முறை. எனக்கு 36 வயது. பிறந்த ஊர் விருதுநகர்ப் பக்கம், இப்போது இருப்பது கோவையில். எட்டு வயதிலிருந்து பதினொரு வயது வரை என் பெரியம்மா மகன் என்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டான். அவனுக்கு அப்போது இருபதுக்கு மேல். கோடை விடுமுறைக்கும் பொங்கலுக்கும் என்னைப் பெரியம்மா வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். இதற்கு மேல் விவரம் எழுத மாட்டேன். தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.

பன்னிரண்டு வயதில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் வாயைப் பொத்தினாள். "பெரியம்மா காதுக்குப் போனால் அவள் உயிரையே விட்டுவிடுவாள்" என்றாள். அதன் பிறகு என்னை அந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. அதைப் பற்றி எங்களுக்குள் இன்று வரை ஒரு வார்த்தை வந்ததில்லை.

படித்தேன், வேலைக்குப் போனேன், திருமணம் நடந்தது. கடந்துவிட்டேன் என்றே நம்பியிருந்தேன். என் மகளுக்கு இப்போது இரண்டு வயது. வருகிற தை மாதம் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த அம்மா நாள் பார்த்துவிட்டாள். எனக்கு உடன்பிறந்த ஆண் பிள்ளை கிடையாது. அண்ணன் முறையில் இருப்பவன் அவன் ஒருவன்தான். சீர் அவன்தான் கொண்டுவர வேண்டும், அவன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும் என்று அம்மா தொலைபேசியில், மளிகைச் சாமான் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

இன்றோடு பதினொரு நாட்கள். தூக்கம் இல்லை. அலுவலக லிஃப்டில் பக்கத்தில் நின்றவரின் முகப்பவுடர் வாசனைக்கு வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். கணவர் தோளைத் தொட்டால் உடம்பு மரத்துப்போகிறது. அவருக்கு எதுவும் தெரியாது. இதிலிருந்து மீண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மீள்வது என்றால் என்ன என்றாவது சொல்லுங்கள்.


மருதாணி
செவ்வாய், காலை 6.15

நொச்சி, நீங்கள் எழுதியதை நம்புகிறேன். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பன்னிரண்டு வயதில் உங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

நான் பதினான்கு ஆண்டுகளாக மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். இங்கே என்னால் சிகிச்சை தர முடியாது, தெரிந்ததைச் சொல்ல முடியும். அடங்கியிருந்தது இப்போது ஏன் கிளம்பியது என்று கேட்டால், உங்கள் உடல் சரியாகத்தான் வேலை செய்கிறது. ஆபத்தானவன் என்று அது பதிந்துவைத்த ஓர் ஆள் உங்கள் குழந்தையின் பக்கத்தில் வரப்போகிறான். எச்சரிக்கை மணி அடிக்கிறது. தனக்குக் குழந்தை பிறந்த பிறகு, அல்லது அந்தக் குழந்தை தான் பாதிக்கப்பட்ட வயதை எட்டும்போது, பழையது பொங்கி எழுவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். வாசனையும் அப்படித்தான். "இது எப்போது நடந்தது" என்று யோசிப்பதற்கு முன்பே வாசனை உடலை உலுக்கிவிடும்.

உடம்பு மரத்துப்போவது பற்றி. ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் போகும்போது உடல் உறைந்துவிடும். எட்டு வயதில் உங்களைக் காப்பாற்ற உடலுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் "நான் ஏன் கத்தவில்லை" என்ற கேள்வியைத்தான் ஆண்டுக்கணக்கில் சுமந்துகொண்டு வருகிறார்கள். கத்தாதது உங்கள் சம்மதம் இல்லை. வேறு சிலர் இன்னும் தாழ்ந்த குரலில், அப்போது தன் உடல் எதிர்வினை காட்டியதைச் சொல்லி அழுவார்கள். தொட்டால் உடல் எதிர்வினை காட்டும், அது நரம்பின் வேலை. அதிலும் உங்கள் குற்றம் எதுவும் கிடையாது. இதை எழுதத் தயங்கினேன், ஆனால் படித்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருக்கு இது தேவைப்படும்.

இன்று இரவுக்கு மட்டும் ஒன்று: விழிப்பு வந்தால் எழுந்து வெறுங்காலைத் தரையில் ஊன்றுங்கள். முகத்தில் குளிர்ந்த நீர் அடியுங்கள். இன்று என்ன கிழமை, எந்த ஊர், அறையில் என்னென்ன இருக்கின்றன என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பழைய வீட்டில் இல்லை, இங்கே இருக்கிறோம் என்று உடலுக்குத் தெரிய வேண்டும். தாங்க முடியாமல் போனால் 14416, அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்பார்கள். கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.


கரிசல்மண்
செவ்வாய், காலை 9.40

சகோதரி, எனக்கு 52 வயது. ஆண். ஏழாம் வகுப்பு படித்தபோது விடுதியில், எங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியவரால். 44 வயது வரை யாரிடமும் சொன்னதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் குடித்தேன். அந்தக் குடிக்கு வீட்டார் சொன்ன காரணங்கள் பல, உண்மையான காரணம் எனக்கு மட்டுமே தெரியும்.

ஆண் பிள்ளைகளுக்கு இது நடக்காது என்று நம்புகிறவர்களுக்காக ஒரு தகவல். 2007இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. பாலியல் வன்முறையின் ஏதாவது ஒரு வடிவத்தைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 53.22 விழுக்காடு. அவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானோர் ஆண் பிள்ளைகள். அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை, ஆனால் நம் ஊர் வேறு மாதிரி என்று நினைக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. 52 வயதில் அந்த அறிக்கையைப் படித்தபோது வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

முதலில் பார்த்த மருத்துவர் ஐந்து நிமிடத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தூக்கம் வந்தது, வேறெதுவும் மாறவில்லை. இரண்டாவதாகப் போன ஆலோசகர் ஒரு பெண். உள்ளே போனதும், "எந்த நாற்காலி வேண்டும்?" என்று கேட்டார். கதவை ஒட்டிய நாற்காலியைக் காட்டினேன். "கதவு திறந்தே இருக்கட்டுமா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பன்னிரண்டு வயதிலிருந்து கதவைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. முதல் நான்கு மாதங்கள் விடுதியைப் பற்றிப் பேசவே இல்லை. தூக்கம், சாப்பாடு, குடி, மூச்சு, இவ்வளவுதான். நானாக ஆரம்பித்தபோதும், "இன்று இவ்வளவு போதுமா?" என்று நிறுத்துவார்.

மூன்று ஆண்டுகள் ஆயின. மீண்டேனா என்று கேட்டீர்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது புதுப் புத்தக வாசனைக்கு இன்றும் ஒரு வாரம் தடுமாறுவேன். முன்பெல்லாம் அது வருகிறது என்றே தெரியாமல் பாட்டிலைத் திறப்பேன். இப்போது வருவது தெரிகிறது. மனைவியிடம் "ஜூன் வந்துவிட்டது" என்பேன், அவளுக்குப் புரியும்.


நிழற்குடை
செவ்வாய், மாலை 5.05

மகளே, எனக்கு 67 வயது. உன் வேதனை புரிகிறது. அவன் செய்தது பாவம், அதில் இரண்டாவது கருத்து கிடையாது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பார்கள். இப்போது கிளறினால் இரண்டு குடும்பங்கள் சிதறும், உன் வயதான தாய் உடைந்துபோவாள். மனதார மன்னித்துவிடு, பாரம் இறங்கும். நான் வாழ்க்கையில் பலரை மன்னித்திருக்கிறேன், நிம்மதி கிடைத்திருக்கிறது. அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.


கரிசல்மண்
செவ்வாய், மாலை 6.30

ஐயா, உங்கள் வயதுக்கு மதிப்புக் கொடுத்தே கேட்கிறேன். மன்னிப்பு யாரும் கேட்கவில்லையே? கேட்காதவனுக்கு இவர் எதைக் கொடுப்பது? நீங்கள் மன்னித்தவர்கள் உங்களிடம் கடன் வாங்கி ஏமாற்றியிருக்கலாம், சொத்தில் வஞ்சித்திருக்கலாம். எட்டு வயதுக் குழந்தைக்கு நடந்தது அந்தக் கணக்கில் வராது. "மன்னித்துவிடு" என்று எனக்கும் சொன்னார்கள். ஆறு மாதம் முயன்றேன். மன்னிக்க முடியாதது என்னுடைய இரண்டாவது குற்றமாகச் சேர்ந்துகொண்டது.

குடும்பம் சிதறும் என்கிறீர்கள். இவர் வாயை மூடிக்கொண்டதால் இத்தனை ஆண்டுகள் சிதறாமல் இருந்தது அவர்கள் குடும்பம். அதற்கான விலையை ஒரு குழந்தை கட்டியிருக்கிறது. இப்போது அவன் மடியில் இன்னொரு குழந்தையை உட்காரவைக்கச் சொல்கிறார்கள் ஐயா.


ஆற்றுமணல்
செவ்வாய், இரவு 10.20

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பாதிக்கப்பட்டவள் என் மகள். பத்தொன்பது வயதில் என்னிடம் சொன்னாள், என் நாத்தனார் கணவரைப் பற்றி. என் வாயில் முதலில் வந்தது, "ஏன் அப்போதே சொல்லவில்லை?" அந்தக் கேள்விக்காக நான்கு ஆண்டுகள் என்னோடு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நம்பாமல் அப்படிக் கேட்கவில்லை. நம்பிவிட்டதால் வந்த பயம் அது. நம்பினால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். கணவர் என்ன சொல்வார், மாமியார் வீட்டில் என் நிலை என்ன, எங்கே போவேன், எல்லாம் ஒரே நொடியில் மனதில் ஓடின. அவளுடைய வலி அந்த வரிசையில் கடைசியாக நின்றது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

விளக்கம் சொல்லிச் சொல்லி எதுவும் சரியாகவில்லை. ஒரு தீபாவளிக்கு அந்த மனிதர் வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, "இந்த வீட்டுக்குள் நீங்கள் இனி வரக் கூடாது, காரணம் உங்களுக்குத் தெரியும்" என்றேன். பிறகு மகளுக்குத் தொலைபேசியில் நடந்ததை மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தாள்.

நொச்சி, உன் அம்மா அதன் பிறகு உன்னை அங்கே அனுப்பவில்லை என்று எழுதியிருக்கிறாய். அவள் உன்னை நம்பியிருக்கிறாள் அம்மா. நம்பியும் பேசாமல் இருந்திருக்கிறாள். இது உனக்கு ஆறுதலா, இன்னும் பெரிய வலியா என்று எனக்குத் தெரியவில்லை.


நொச்சி
புதன், அதிகாலை 3.10

ஆற்றுமணல் அம்மா, வலிதான். நம்பவில்லை என்றே இத்தனை ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன், அது எப்படியோ சுலபமாக இருந்தது. தெரிந்தேதான் இப்போது அவன் மடி என்கிறாளா? அல்லது மறந்துவிட்டாளா? எது என்றாலும் தாங்க முடியவில்லை.

அவனைவிட அம்மா மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். இதை எழுதியதும் கை நடுங்குகிறது.


மருதாணி
புதன், காலை 6.40

அந்தக் கோபம் மிகப் பலருக்கு வரும். அவனிடம் நீங்கள் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை, அம்மாவிடம் எதிர்பார்த்தீர்கள். அம்மாவை நேசித்துக்கொண்டே கோபப்படலாம். இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டியதில்லை.


தராசுமுள்
புதன், பகல் 1.15

நான் வழக்குரைஞர். மதுரையில் இருக்கிறேன். சட்டம் பற்றி யாரும் கேட்கவில்லை என்றாலும், வழக்குத் தொடுக்காவிட்டாலும்கூட தன் உரிமை என்ன என்று தெரிந்திருப்பது நல்லது என்று எழுதுகிறேன்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது 14 நவம்பர் 2012இல். அதற்கு முன் நடந்ததற்கு அந்தச் சட்டப்படி தண்டிக்க முடியாது. குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டப்படிதான் தண்டனை என்பது அரசியலமைப்பின் 20ஆம் உறுப்பு. உங்கள் வயதைப் பார்த்தால் 1990களின் கடைசி. எனவே பழைய இந்திய தண்டனைச் சட்டம். அன்றைய சட்டத்தில் பாலியல் வல்லுறவுக்கான வரையறை மிகக் குறுகியது, 2013 வரை அப்படித்தான் இருந்தது. அதற்குள் அடங்காதவற்றில் பெரும்பாலானவை, பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிப்பது பற்றிய 354ஆவது பிரிவுக்குப் போகும். அதற்கு அன்று அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் சிறை. இங்கேதான் சிக்கல்: மூன்று ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றங்களை நீதிமன்றம் ஏற்கக் காலவரம்பு உண்டு, 354க்கு அது மூன்று ஆண்டுகள். 376 (பாலியல் வல்லுறவு), 377 (சட்டம் 'இயற்கைக்கு மாறான உடலுறவு' என்று அழைத்தது) பிரிவுகளுக்குள் வரும் குற்றங்களுக்குக் காலவரம்பே கிடையாது. ஆக, நடந்தது எந்தப் பிரிவுக்குள் வருகிறது என்பதைப் பொறுத்தே கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்ல முடியும். அதை இங்கே எழுதாதீர்கள். நம்பிக்கையான வழக்குரைஞரிடம் நேரில் சொல்லுங்கள்.

2018 அக்டோபரில், போக்சோ குற்றங்களைப் பற்றிப் புகார் செய்யக் காலவரம்பு இல்லை என்று மத்திய அரசு தெளிவுபடுத்தியது. அதைப் படித்துவிட்டு 1980களில் நடந்ததற்கெல்லாம் வழி பிறந்துவிட்டது என்று என்னிடம் சிலர் வந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பிய நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தத் தலைமுறைக்கு இந்த நாட்டின் சட்டம் பெரிய கடன் பட்டிருக்கிறது.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் போக முடியாது. அவன் வீட்டில் இன்று சிறு குழந்தைகள் இருக்கிறார்களா? ஒரு குழந்தைக்கு இப்போது ஆபத்து இருக்கிறது என்று அஞ்சக் காரணம் இருந்தால், அதைத் தெரிவிக்க வேண்டிய கடமையை போக்சோவின் 19ஆவது பிரிவு எல்லோர் மேலும் வைக்கிறது. நல்லெண்ணத்தோடு தெரிவிப்பவர் மேல் எந்த வழக்கும் வராது என்றும் அதே பிரிவு சொல்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. உங்களை அவசரப்படுத்த இதை எழுதவில்லை. முதலில் நீங்கள் நிற்க வேண்டும்.


நொச்சி
புதன், இரவு 9.30

அவனுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.


மருதாணி
வியாழன், காலை 7.00

நொச்சி, நேற்றைய வரியைப் படித்தேன். அந்தக் குழந்தையின் பொறுப்பு முழுவதையும் ஒரே இரவில் உங்கள் தோளில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். தனியாகச் செய்ய வேண்டாம், துணையோடு செய்யலாம். அந்தத் துணையைத் தேடுவது பற்றிச் சொல்கிறேன்.

கோவையில் ஆலோசகர்கள் பலர் இருக்கிறார்கள், எல்லோரும் இதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்க வேண்டும், கேட்கலாம். "சிறுவயது பாலியல் வன்முறையிலிருந்து வந்த பெரியவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா, எப்படிச் செய்வீர்கள்?" என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, இ.எம்.டி.ஆர் என்னும் கண் அசைவுச் சிகிச்சை, இந்த இரண்டையும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. நீண்ட காலம் தொடர்ந்த வன்முறையிலிருந்து வரும் சிக்கலான வடிவத்தைத் தனி நோயறிதலாகவே அந்த நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியல் ஏற்றிருக்கிறது. கற்பனை இல்லை, பலவீனம் இல்லை, பெயர் உள்ள ஒரு நிலை அது.

முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மயக்க நிலைக்குக் கொண்டுபோய் மறந்த நினைவுகளைத் தோண்டி எடுக்கிறேன் என்பவரிடமிருந்தும். "அவரை மன்னித்துக் கடிதம் எழுதுங்கள்" என்று வீட்டுப்பாடம் தருபவரிடமிருந்தும்.

சென்னையில் துளிர் அமைப்பு 2004இலிருந்து இந்தத் துறையில் இருக்கிறது. தில்லியின் ராஹி 1996இலிருந்து, குடும்பத்துக்குள் பாதிக்கப்பட்டு வளர்ந்த பெண்களோடு வேலை செய்கிறது. கட்டணம் தாங்காதவர்களுக்கு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு உண்டு. அங்கே நேரம் குறைவாகத்தான் கிடைக்கும், ஆனால் கதவைத் தட்டலாம்.


நிழற்குடை
வியாழன், இரவு 8.45

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். மன்னிப்பு பற்றி நான் சொன்னது முழுவதும் தவறு என்று இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. பொய்யாக ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. ஆனால் அதை மகளிடம் முதல் வார்த்தையாகச் சொல்லியிருக்கக் கூடாது. மடி விஷயத்தில் கரிசல்மண் சொல்வது சரி.

சடங்கு பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், அதுவாவது பயன்படட்டும். தாய்மாமன் இல்லாத வீடுகளில் தாத்தா மடியில் உட்காரவைத்துக் குத்துவதை எங்கள் பக்கத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எந்தச் சாமியும் கோபித்துக்கொண்டதில்லை. ஊரில் யாராவது கேட்டால், "வேண்டுதல்" என்று ஒரு வார்த்தை சொல். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.


பெயர் சொல்லவில்லை
வெள்ளி, அதிகாலை 2.25

எனக்கும். இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. நாளை வந்து பார்ப்பேன்.


கரிசல்மண்
வெள்ளி, அதிகாலை 5.50

வாருங்கள். நான் அதிகாலையில் எழுந்துவிடுவேன், இங்கேதான் இருப்பேன்.


நொச்சி
எட்டு வாரங்கள் கழித்து, ஞாயிறு, இரவு 10.15

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கணவரிடம் சொன்னேன். வீட்டில் சொல்ல முடியவில்லை. காரில், அவர் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தபோது, நானும் சாலையையே பார்த்துக்கொண்டு சொன்னேன். சூலூர் தாண்டி ஓரமாக நிறுத்தினார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. எனக்கு மூச்சு நின்றுவிடும்போல இருந்தது. பிறகு, "உன்னைத் தொடலாமா?" என்று கேட்டார். கரிசல்மண் அண்ணன் எழுதிய நாற்காலிதான் நினைவுக்கு வந்தது. இப்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறார். சில நாட்கள் வேண்டாம் என்கிறேன். அதற்காக முகம் சுருங்குவதில்லை, சுருங்கினாலும் மறைத்துக்கொள்கிறார் போலும்.

ஆலோசகர் மூன்றாவதாகத்தான் சரியாக அமைந்தார். முதலாமவர் இருபது நிமிடத்தில், "கணவரோடு உறவு எப்படி?" என்றார். எழுந்து வந்துவிட்டேன், மருதாணி அவர்களின் வரி காதில் இருந்ததால்தான் அந்தத் துணிவு. இப்போதைய ஆலோசகரிடம் ஆறு முறை போயிருக்கிறேன். அந்த வீட்டைப் பற்றி இன்னும் ஆரம்பிக்கவில்லை. இரவில் தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்குகிறேன்.

அம்மாவிடம், "அவன் வந்தால் நானும் குழந்தையும் வர மாட்டோம்" என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. பெரியம்மா வீட்டுக்கு என்ன சொல்லி நிறுத்தினாள் என்று தெரியாது. கடந்த வெள்ளிக்கிழமை காது குத்தினோம். மாமனார் மடியில். நிழற்குடை ஐயா, "வேண்டுதல்" என்று இரண்டு பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது, நீங்கள் சொன்னபடியே அதோடு விட்டுவிட்டார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் மகள் கோயிலே அதிரும்படி கத்தினாள். எல்லோரும் "அழாதே, அழாதே" என்றார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கத்து செல்லம், நன்றாகக் கத்து" என்றேன்.

இரவு பாத்திரம் தேய்க்கும்போது அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "எத்தனை வருடம்?" என்று கேட்டாள். "மூன்று" என்றேன். கையிலிருந்த தட்டை அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள், அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. வேறெதுவும் பேசவில்லை. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. தள்ளிப்போக வேண்டும் என்றும் தோன்றவில்லை.

தராசுமுள் அவர்களே, அவன் மகள் பற்றி. மதினியின் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். அவளிடம் முதலில் பேசுவதா, 1098இல் சொல்வதா என்பதை வியாழக்கிழமை ஆலோசகரிடம் கேட்கப்போகிறேன், கணவரும் வருகிறார். அதற்கு முன் உங்களிடம் தனிமடலில் சில கேள்விகள் கேட்கலாமா?


தராசுமுள்
ஞாயிறு, இரவு 10.40

கேளுங்கள் அம்மா. இன்றே எழுதினாலும் பதில் சொல்கிறேன்.